மார்கரெட் தாட்சர்: பார்ன்ஸ்லிக்காரர்கள் ஏன் இன்னும் மன்னிக்கவில்லை?

கரிநிலம் எழுதியது:

வணக்கம். வட இங்கிலாந்தில் பார்ன்ஸ்லிப் பக்கம் ஒரு சின்னக் கடையில் வேலை பார்க்கிறேன், கடைக்குள்ளேயே தபால் கவுண்டரும் இருக்கிறது. காலையில் பத்திரிகைக் கட்டைப் பிரித்து அடுக்குவது என் வேலை. போன வாரம் ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் தாட்சர் படம். தினமும் ஏழரைக்கு வரும் பெரியவர் ஒருவர், எண்பதை ஒட்டிய வயது, நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவார், அந்தப் பத்திரிகைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பாலுக்குக் காசை எடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்டேன். "அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் பால் வாங்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான், போய்விட்டார்.

எனக்குத் தாட்சர் என்றால் பள்ளிக்கூடப் பொது அறிவுப் புத்தகம்தான். இரும்புப் பெண்மணி யார், பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் யார், ரெண்டுக்கும் ஒரே விடை. 1979-லிருந்து 1990 வரை பதினொன்றரை வருடம் ஆண்டார், மூன்று தேர்தல் தொடர்ந்து ஜெயித்தார், இது தெரியும். ஆனால் 2013 ஏப்ரலில் அவர் இறந்தபோது இங்கிருந்து கொஞ்சதூரத்தில் கோல்ட்தோர்ப் என்ற ஊரில் பாடை கட்டி உருவபொம்மையை எரித்திருக்கிறார்கள். அதே நாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் ராணி நேரில் வந்து மரியாதை செய்கிறார். ஒரே நாட்டில், ஒரே நாளில். செத்தவர் மேல் இவ்வளவு கோபம் வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மா இருக்காது என்று தோன்றுகிறது.

இங்கே பக்கத்தில் கார்ட்டன்வுட் என்று ஒரு ஷாப்பிங் வளாகம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போவோம். அது நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடம் என்று போன மாதம்தான் தெரிந்தது. அதை மூடப்போகிறோம் என்று 1984 மார்ச்சில் அறிவித்ததிலிருந்துதான் சுரங்கத் தொழிலாளர்களின் அந்த ஒரு வருட வேலைநிறுத்தமே பற்றிக்கொண்டதாம். நான் வண்டி நிறுத்துகிற இடத்துக்குக் கீழே இவ்வளவு கதை இருக்கிறது, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இங்கே இருந்தவர்கள், படித்தவர்கள், தெரிந்ததைச் சொல்லுங்கள். எந்தப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை.


கணக்கன் எழுதியது:

நான் தாட்சர் செய்தது சரி என்று நினைப்பவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் வருவதற்கு முன் இந்த நாடு எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் பாதிக் கதைதான்.

1974-ல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வாரத்தில் மூன்று நாள்தான் தொழிற்சாலை ஓட வேண்டும் என்று அரசாங்கமே உத்தரவு போட்டது, காரணம் சுரங்கத் தொழிலாளர் போராட்டம். 1976-ல் பிரிட்டன் சர்வதேச நாணய நிதியத்திடம் கடனுக்குப் போய் நின்றது. 1978-79 குளிர்காலத்தில் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் குப்பை மலையாகக் கிடந்தது, லிவர்பூலில் குழி வெட்டுபவர்கள் வேலைக்கு வராததால் பிணங்களைப் புதைக்க முடியவில்லை. 1979-ல் மட்டும் வேலைநிறுத்தத்தால் போன நாட்கள் 2.9 கோடிக்கு மேல். விலைவாசி ஏற்றம் 1980-ல் 22 சதவீதத்தைத் தொட்டது, 1983-ல் அது 5 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. சும்மா வரவில்லை, மருந்து கசந்தது, 1982 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டினார்கள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முன் வந்த எந்தப் பிரதமருக்கும் அந்த மருந்தைக் கொடுக்கத் துணிச்சல் இருக்கவில்லை.

சுரங்கத்துக்கு வருகிறேன். 1960-களில் தொழிற்கட்சிப் பிரதமர் ஹரால்ட் வில்சன் காலத்தில் மூடியது இருநூறு சுரங்கங்களுக்கு மேல். அவருக்கு யார் பாடை கட்டினார்கள்? அப்புறம் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில். தேசிய அளவில் ஒரு வாக்கெடுப்பு வைத்திருந்தால் வேலையை நிறுத்தாத நாட்டிங்காம்ஷயர் சுரங்கக்காரர்களும் வந்திருக்கலாம், சங்கம் உடைந்திருக்காது. அவர் வைக்கவில்லை. அதுவும் மார்ச்சில், குளிர் முடிந்து கரி தேவை இறங்குகிற நேரம் பார்த்து வேலைநிறுத்தம். தன் ஆட்களைத் தோற்கிற போருக்குக் கூட்டிப்போன தலைவர் அவர்.

கரிநிலம், நீங்கள் கடையில் இருப்பதால் சொல்கிறேன், தாட்சரும் மளிகைக் கடைக்காரர் மகள்தான். கிரந்தம் ஊரில் கடைக்கு மேல்மாடியில் வளர்ந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்து, கன்சர்வேடிவ் கட்சியின் பெரிய வீட்டுப் பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு மேலே வந்தவர். இதைச் சின்ன விஷயம் என்று என்னால் தள்ள முடியாது.


கிளைட் எழுதியது:

கிளாஸ்கோவிலிருந்து. கணக்கன் சொன்ன 70-கள் எல்லாம் உண்மைதான், என் வீட்டுக்காரரின் அப்பாவும் அப்படித்தான் சொல்வார், அவர் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தவர். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர்களின் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது, தலைவரி.

வீட்டின் மதிப்பைப் பார்த்து வரி போட்ட பழைய முறையை எடுத்துவிட்டு, தலைக்கு இவ்வளவு என்று போட்டார்கள். மாளிகையில் இருக்கும் பிரபுவுக்கும் அவர் வீட்டுக் குப்பையை அள்ளுபவருக்கும் ஒரே தொகை. மாமனார், மாமியார், கொழுந்தன் என்று ஒரே கூரையின் கீழ் இருக்கும் நம்மவர்கள் மாதிரிக் குடும்பங்களை யோசித்துப் பாருங்கள், ஐந்து பேர் இருந்தால் ஐந்து பங்கு. அதை முதலில் எங்கே கொண்டுவந்தார்கள்? 1989 ஏப்ரலில் ஸ்காட்லாந்தில். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு வருடம் கழித்துத்தான். எங்களைச் சோதனை எலியாக வைத்தார்கள் என்று இங்கே பலரும் இன்றைக்கும் சொல்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் வெடித்தபோதுதான் தெற்கே இருப்பவர்களுக்கு விஷயம் புரிந்தது. அதே வருடம் நவம்பரில் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கிவிட்டார்கள். ஐரோப்பாவோடு எவ்வளவு நெருங்குவது என்ற சண்டையும் சேர்ந்துதான், ஆனால் இந்த வரி இல்லாமல் அது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

1979-ல் ஸ்காட்லாந்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு 22 எம்பி. 1987-ல் 10. 1997-ல் ஒருவர்கூட இல்லை.


ஈஸ்ட்ஹாம் எழுதியது:

கணக்கன் அண்ணா, உங்களை மதிக்கிறேன், ஆனால் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே நீங்கள்.

நான் குடியிருக்கும் ஃபிளாட் ஒரு காலத்தில் கவுன்சில் வீடு, அதாவது உள்ளூராட்சி வாடகைக்கு விட்டது. 1980 சட்டப்படி, குடியிருப்பவர்களே தள்ளுபடி விலையில் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், 33 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் வரை கழிவு. முதலில் வாங்கியது பேருந்து ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அவர்களை நல்ல பழக்கம், வாங்கிய அன்றைக்கே கதவுக்கு வேறு நிறம் அடித்தார்களாம். கவுன்சில் கதவு எல்லாம் ஒரே நிறம், தங்கள் கதவு மட்டும் தனியாகத் தெரிய வேண்டும் என்று. அந்தச் சந்தோஷத்தை நான் குறைசொல்ல மாட்டேன். சொந்த வீடு என்றால் நமக்குத் தெரியாதா?

ஆனால் விற்ற காசில் புது வீடு கட்டக் கவுன்சில்களை விடவில்லை, பெரும்பகுதியைக் கடனை அடைக்க வைத்தார்கள். பத்து லட்சம் வீடுகளுக்கு மேல் போய்விட்டன, ஈடாக எதுவும் வரவில்லை. அந்தத் தம்பதி விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், இன்றைக்கு இது ஒரு முதலாளி கையில் இருக்கிற நாலைந்து வீடுகளில் ஒன்று. மாடியில் இருக்கும் குடும்பத்துக்குக் கவுன்சில் வாடகை உதவி கொடுக்கிறது. ஒரு காலத்தில் தனக்கே சொந்தமாயிருந்த சுவருக்குக் கவுன்சில் இப்போது வாடகை கட்டுகிறது! என் சம்பளத்தில் பாதி வாடகைக்குப் போகிறது, எனக்கு இது சரித்திரப் பாடம் இல்லை.

ரயிலைத் தனியாருக்கு விற்று நாசமாக்கியதும் அவர்தான்.


கணக்கன் எழுதியது:

ஒரு திருத்தம். ரயிலை விற்றது தாட்சர் இல்லை, அடுத்து வந்த ஜான் மேஜர் காலம், 1993 சட்டம். தாட்சர் காலத்தில் விற்றவை: 1984-ல் பிரிட்டிஷ் டெலிகாம், 1986-ல் எரிவாயு, 1987-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ், 1989-ல் தண்ணீர், 1990-ல் மின்சாரம். ஒரு தொலைபேசி இணைப்புக்கு மாதக்கணக்கில் காத்திருந்த காலத்தைப் பார்த்தவர்கள் டெலிகாமை விற்றதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் வாதாட மாட்டேன். போட்டியே இல்லாத இடத்தில் தனியார் வந்து என்ன பயன், குழாய் ஒன்றுதானே. கடனை எல்லாம் தள்ளுபடி செய்து சுத்தமாகக் கொடுத்தார்கள், இன்று லண்டனுக்குத் தண்ணீர் விடும் தேம்ஸ் வாட்டர் கம்பெனி தலையில் 1,500 கோடி பவுண்டுக்கு மேல் கடன், ஆற்றில் கழிவு. ஸ்காட்லாந்தில் விற்கவில்லை, கிளைட்டுக்குத் தெரியும்.

வீட்டைப் பற்றி ஈஸ்ட்ஹாம் தம்பி சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். விற்றது சரி, கட்டாமல் விட்டது தப்பு. ஆனால் பின்னால் வந்த டோனி பிளேர் பதின்மூன்று வருடத் தொழிற்கட்சி ஆட்சியில் முதல் பத்து வருடம் பிரதமராக இருந்தார், அவரும் கட்டவில்லையே.


வடமராட்சியான் எழுதியது:

பிள்ளைகள், நான் 84-ல் வந்தவன். 83 கலவரம் முடிந்து அடுத்த வருடம். அப்போது இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் விசா இல்லாமல் வந்து இறங்கலாம், ஹீத்ரோவில் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். தாட்சரைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பலர் கடை, வியாபாரம், உழைப்பு என்று பாராட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது வேறு.

1985 ஏப்ரலில் அவர் இலங்கைக்குப் போனார். மகாவலித் திட்டத்தில் விக்டோரியா அணை, பிரிட்டன் 10 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்துக் கட்டியது, அதைத் திறந்துவைத்து, நாடாளுமன்றத்திலும் பேசிவிட்டு வந்தார். அதற்கு அடுத்த மாத இறுதியில் இலங்கையர்களுக்கு விசா கட்டாயம் என்று அறிவித்தார்கள். பொதுநலவாய நாடு ஒன்றின் மேல் பிரிட்டன் விசா போட்டது அதுதான் முதல் தடவை. என் மச்சான் டிக்கெட் போட்டு வைத்திருந்தான், ஜூன் மாதம் வருவதாக. அவன் வரவில்லை. பிறகு எந்த நாட்டுக்கும் போகவில்லை, இதற்கு மேல் நான் எழுத விரும்பவில்லை.

1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தஞ்சம் கேட்டு வந்த தமிழ்ப் பெடியன்களைத் திருப்பி அனுப்ப விமானத்துக்குக் கொண்டுபோனபோது, ஓடுபாதைப் பக்கம் அந்தக் குளிரில் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார்கள், ஏற மாட்டோம் என்று. பத்திரிகையில் படம் வந்தது. நான் அப்போது ஒரு பெட்ரோல் ஸ்டேஷனில் இரவு வேலை, அந்தப் படம் போட்ட பத்திரிகையை நானே விற்றேன், வெள்ளைக்காரர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு உடனடியாக இன்னொரு சட்டம், சரியான விசா இல்லாத ஒருவரை ஏற்றிவந்தால் விமானக் கம்பனிக்கு ஆளுக்கு ஆயிரம் பவுண்டு தண்டம். அதே வருடம் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற பழைய ஃபெரிக் கப்பலில் நம்மவர்களை அடைத்து வைத்தார்கள். ஒக்டோபர் புயலில் கயிறு அறுந்து கப்பல் கரைதட்டியது, பிறகுதான் அவர்களை வெளியே விட்டார்கள்.

கணக்கன், நீங்கள் சொல்கிற பணவீக்கம், சங்கம் எல்லாம் இருக்கட்டும். ஒரு தலைவர் தன் முன்னால் இருக்கிற மனிதரை எப்படிப் பார்க்கிறார் என்று ஒன்று இருக்கிறதல்லவா. சுரங்கத் தொழிலாளர் சங்கத்து ஆட்களை உள்ளே இருக்கிற எதிரி என்றார். மண்டேலாவின் கட்சியைப் பயங்கரவாத அமைப்பு என்றார். சிலியின் சர்வாதிகாரி பினோசேயை நண்பர் என்றார். எங்களை எப்படிப் பார்த்தார் என்பதும் இதில் சேர்ந்ததுதான்.


கணக்கன் எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். விசா தேதி எனக்குத் தெரியும், அணை திறப்பும் தெரியும், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை.


கரிநிலம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சியான் ஐயா, உங்கள் மச்சான் விஷயம் மனதை விட்டுப் போகவில்லை.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் முன்னால் அந்தப் பெரியவரிடம் பேச முடிந்தது, மழை, கடையில் வேறு யாரும் இல்லை, தேநீர் கொடுத்தேன். வில்சன் காலத்தில் இதைவிட நிறையச் சுரங்கம் மூடினார்களே என்று கணக்கன் சொன்னதை அப்படியே கேட்டேன். கோபப்படவில்லை. "அப்போது ஒரு சுரங்கத்தை மூடினால் அடுத்த சுரங்கத்துக்குப் பேருந்து விட்டார்கள்" என்றார். அவருடைய அப்பாவே அப்படி மாறினவராம். 80-களில் மாறிப்போக அடுத்த சுரங்கமும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை. முப்பத்தெட்டு நாற்பது வயது ஆட்களை உடல்நலக் குறைவு உதவித்தொகையில் உட்கார வைத்தார்கள், வேலையில்லாதவர் கணக்கிலும் அவர்கள் வரவில்லை. வட கடல் எண்ணெயிலிருந்து காசு கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நார்வே தன் எண்ணெய்க் காசைச் சேர்த்துவைக்க 1990-ல் நிதியமே தொடங்கியது. இங்கே அந்தக் காசு வரிக்குறைப்புக்கும் வேலையில்லாதவர்களின் உதவித்தொகைக்கும் போய்த் தீர்ந்தது. கரியை மூடியே ஆகவேண்டியிருந்திருக்கலாம், இன்றைக்குப் பருவநிலையைப் பார்த்தால் நானே அப்படித்தான் சொல்வேன், தாட்சரும் 1989-லேயே ஐநாவில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஆனால் மூடிய பிறகு இந்த ஊர்க்காரர்கள் எப்படிப் பிழைப்பார்கள் என்று யாரும் யோசித்ததற்கு அடையாளமே இல்லை. என்னுடைய கோபம் அங்கேதான்.

இன்னொன்று. இருபது சுரங்கம்தான் மூடப்போகிறோம் என்று வெளியில் சொன்னார்கள், ஸ்கார்கிலோ, இல்லை, எழுபது எண்பது என்றார், அவரைப் பொய்யன் என்றார்கள். 2014 ஜனவரியில் அமைச்சரவைக் காகிதங்கள் வெளியே வந்தன, மூன்று வருடத்தில் 75 என்று அதில் இருந்தது. வாக்கெடுப்பு வைக்காதது ஸ்கார்கிலின் தப்பு என்பதை அந்தப் பெரியவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் எண்ணிக்கையில் யார் உண்மை சொன்னது?

வேலைநிறுத்தம் நடந்த அந்தக் குளிர்காலத்தைப் பற்றியும் சொன்னார். சங்கம் ஒரு பென்னிகூடக் கொடுக்காதபோதும், கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டு குடும்ப உதவித்தொகையில் வாரத்துக்கு 15 பவுண்டு கழித்தார்கள். அவர் மனைவி தொழிலாளர் மன்றத்தில் தினமும் சமைத்திருக்கிறார், உருளைக்கிழங்கு உரித்து உரித்து விரல் வெடித்துப்போச்சாம். அடுப்புக்குக் கரி இல்லை. ஊரெல்லாம் கரி மேல் உட்கார்ந்திருக்கிறது, வீட்டில் கரி இல்லை. பெரியவர்களும் பிள்ளைகளும் பழைய ரயில் கரையோரம், கழிவு மேட்டில் எல்லாம் தோண்டிப் பொறுக்கினார்கள். 1984 நவம்பரில் கோல்ட்தோர்ப்பில் அப்படிப் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர், 15 வயதும் 14 வயதும், மண் சரிந்து செத்துப்போனார்கள். அந்த மண்ணைக் கையால் தோண்டினவர்களில் இவருடைய கூட்டாளி ஒருவரும் இருந்தாராம். நான் முதல் பதிவில், பாடை கட்டி எரித்தார்கள் என்று எழுதினேனே, அது இந்தக் கோல்ட்தோர்ப்தான். அது தெரியாமல் எழுதிவிட்டேன்.

ஆர்கிரீவ் என்ற இடத்தில் வேலைநிறுத்தக்காரர்கள் மேல் நடந்த போலீஸ் தடியடி பற்றிக் கேட்டேன், 1984 ஜூன் 18. கைதான 95 பேர் மேல் வழக்குப் போட்டார்கள், போலீஸ் சாட்சியம் நிற்காமல் வழக்கு விழுந்தது, பின்னால் 39 பேருக்குக் காவல்துறை 4,25,000 பவுண்டு கொடுத்துச் சமாதானம் ஆனது. ஆனால் அதைப் பற்றி விசாரணை என்று ஒன்று வைக்க 2025 ஜூலை வரைக்கும் எந்த அரசாங்கமும் முன்வரவில்லை. இவரும் அன்றைக்கு அங்கே போயிருக்கிறார், டி-சட்டையோடு, வெயில் நாள் என்பதால். குதிரைகள் வந்ததைச் சொல்லும்போது கப்பைக் கீழே வைத்துவிட்டார். விசாரணையில் சாட்சி சொல்லப் போவீர்களா என்றேன். மூச்சு இருந்தால் போவேன் என்றார்.

கடைசியாக ஒன்று, எழுதலாமா என்று யோசித்தேன். எட்டேகால் மணிக்கு இன்னொருவர் வருவார், அதே வயது. சில நாள் ஏழரைக்கே வந்துவிட்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார், பெரியவர் போன பிறகுதான் இறங்குவார். முழங்கால் வலி, கூட்டம் குறையட்டும் என்று இருக்கிறார் என்று நான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியவருடைய மனைவியின் அண்ணன் அவர். 1985 பிப்ரவரியில், வேலைநிறுத்தம் முடிய மூன்று வாரம் இருக்கும்போது, வீட்டில் கைக்குழந்தை, கடன், வேலைக்குப் போய்விட்டார். கருங்காலி என்று சுவரில் எழுதினார்கள். தங்கை இறந்தபோதுகூட அவர் தேவாலயத்துக்கு வெளியே நின்றுவிட்டுப் போயிருக்கிறார். "அவன் மேல் இப்போது கோபம் இல்லை, ஆனால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை" என்றார் பெரியவர். இரண்டு பேரும் வாங்குவது ஒரே பத்திரிகை, ஒரே ரொட்டி.

ஆர்கிரீவ் விசாரணையில் இவரைக் கூப்பிட்டால் நானே வண்டியில் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். ஏதாவது செய்தி வந்தால் இங்கே எழுதுகிறேன்.